மணிக்கட்டு நரம்புக்கு ஸ்கேனா, கரண்ட் சோதனையா?

கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று மருத்துவச் சீட்டில் எழுதப்படும் நோயை, அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் விரல்கள் மரத்துப்போகும் நிலையை, ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்யும் ஒற்றைச் சோதனை இன்றுவரை இல்லை. மக்கள் ‘கரண்ட் வைத்துப் பார்ப்பது’ என்று சொல்லும் நரம்புக் கடத்தல் சோதனை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் வைத்துப் போற்றப்பட்டு வந்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டில் எது சிறந்தது என்று நோயாளிகளும் கேட்கிறார்கள், மருத்துவர்களும் கேட்கிறார்கள். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சோதனையும், நரம்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதை மற்றொரு சோதனையும் சொல்வதால், எந்தக் கைக்கு எது தேவை என்று கேள்வியை மாற்றிக் கேட்டால்தான் நோயாளிக்குப் பயன்படும் விடை கிடைக்கும்.

மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு தொட்டியைப் போல வளைந்து அமைந்திருக்க, அந்தத் தொட்டியின் வாயைத் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்கைப் பக்கமாகக் குறுக்கே மூடியிருக்கிறது. எலும்புக்கும் பட்டைக்கும் இடைப்பட்ட இந்தக் குறுகிய வழிதான் கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற இழைகள், இந்த வழியாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. அவற்றோடு இடுக்கிக்கொண்டு மீடியன் நரம்பு எனப்படும் நடு நரம்பும் நுழைகிறது. எலும்பு அசையாது, பட்டை அவ்வளவாக விரியாது, நாண்கள் உறுதியானவை. ஆகவே நாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ நீர் கோத்தாலோ அழுத்தம் முழுவதும், அங்கிருப்பவற்றில் மிக மென்மையான நரம்பின்மீதே விழுகிறது.

நடு நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்வு தருகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அல்நார் எனப்படும் வேறொரு நரம்புக்கு உரியவை. அந்த நரம்பு இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேட்டுத் தோலுக்கு உணர்வு தரும் கிளை, நடு நரம்பிலிருந்து சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து பட்டைக்கு மேலாகச் சென்றுவிடுகிறது. அதனால் விரல்கள் மரத்திருக்கும் நிலையிலும் அந்த மேட்டுத் தோல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ‘முழுக்கையும் மரத்துப்போகிறது’ என்று சொல்லும் ஒருவரிடம் எந்த விரல், விரலின் எந்தப் பக்கம் என்று பொறுமையாகக் கேட்டால் வரும் விடைக்கு இருக்கும் மதிப்பு எந்தக் கருவி தரும் எண்ணுக்கும் குறைந்ததன்று. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கிடைக்கும் ஆறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் நோய் ஏறத்தாழத் தன் பெயரைத் தானே சொல்லிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், இந்த மூன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயின் வரலாற்றைப் பார்த்தால், இன்றைய இரு சோதனைகளின் கருத்துகளும் கருவிகள் வருவதற்கு முன்பே தோன்றிவிட்டதை உணரலாம். 1854-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பேஜட், மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பின் நடு நரம்பு நசுங்கியதை விவரித்தார். 1880-இல் பாஸ்டனின் ஜேம்ஸ் புட்னம், இரவில் கை மரத்துப்போகும் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1913-இல் பாரிஸின் பியர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும் கட்டைவிரல் மேடு வற்றிப்போயிருந்த ஒரு முதிய நோயாளியின் கையைப் பிணப் பரிசோதனையில் திறந்து பார்த்தபோது, நார்ப்பட்டைக்குச் சற்று மேலே நரம்பு முடிச்சு போலப் புடைத்தும், பட்டைக்கு அடியில் ஒடுங்கியும் இருந்ததைக் கண்டார்கள். பட்டையை முன்னதாகவே வெட்டிவிட்டிருந்தால் கேடு தடுக்கப்பட்டிருக்கலாம் என்றும் எழுதினார்கள். அன்று பிணப் பரிசோதனை மேசையில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த அந்தப் புடைப்பைத்தான், இன்று உயிரோடிருப்பவரின் தோலைக் கீறாமலே அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. ஆனால் வடிவத்தை அளக்கும் கருவிக்கு முன்பே வேகத்தை அளக்கும் கருவி வந்துவிட்டது. 1956-இல் எடின்பரோவின் ஜான் சிம்ப்சன், இந்நோய் உள்ளவர்களின் நடு நரம்பில் மணிக்கட்டுக்கும் கட்டைவிரல் தசைக்கும் இடையே மின்குறிப்பு தாமதமாவதைக் காட்டினார். 1958-இல் கில்லியட்டும் சியர்ஸும் விரல்களிலிருந்து உணர்வு நரம்பின் மெல்லிய அலைகளைப் பதிவுசெய்து, அதே தாமதம் உணர்வு இழைகளிலும் உண்டு என்று நிறுவினார்கள். நரம்புக் கடத்தல் சோதனைக்குக் கிடைத்த மூத்த இடத்துக்கு அதன் சிறப்பு எவ்வளவு காரணமோ, அது முன்னால் பிறந்ததும் அவ்வளவு காரணம்.

அந்தச் சோதனை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மோதிரவிரலில் இரண்டு சிறு வளையங்கள் மாட்டப்படுகின்றன. அவை மின்முனைகள், அதாவது நரம்பில் ஓடும் மின்னலையைப் பிடித்துக் கணினிக்கு அனுப்புபவை. அங்கிருந்து 14 செ.மீ. தள்ளி, மணிக்கட்டுக்கு மேல் நடு நரம்பு ஓடும் இடத்தில் ஒரு நொடித்துளி மின்தூண்டல் தரப்படுகிறது. சுரீர் என்ற உணர்வோடு விரல் துடிக்க, திரையில் ஓர் அலை எழுகிறது. பிறகு அதே தொலைவில், சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பின்மீது தூண்டல் தரப்படுகிறது. அதே வளையங்களில் இன்னோர் அலை எழுகிறது. நலமான நரம்பில் குறிப்பு நொடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடுவதால், இரண்டு அலைகளும் ஏறத்தாழ 2.8 மில்லி விநாடியில் விரலுக்கு வந்து சேர வேண்டும். நடு நரம்பின் அலை அல்நார் அலையைவிட 0.4 அல்லது 0.5 மில்லி விநாடி பிந்தினாலே சுரங்கத்துக்குள் அதற்குத் தடை இருக்கிறது என்று கொள்ளப்படுகிறது. கண் ஒரு முறை இமைக்கும் நேரத்தில் இது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

மோதிரவிரலைத் தேர்ந்ததில்தான் இந்தச் சோதனையின் நுட்பம் இருக்கிறது. ஒரே விரலில் இரண்டு நரம்புகள் பாதிப்பாதியாக வந்து முடிவதால், வயது, உயரம், கையின் வெப்பம் என்று இரண்டையும் ஒரேபோலப் பாதிக்கும் காரணங்கள் கழிந்துபோக, சுரங்கத்தின் வழியாக வந்த நரம்புக்கும் அதற்கு வெளியே வந்த நரம்புக்கும் உள்ள வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது. நோயாளியின் கையே நோயாளியின் கைக்கு ஒப்பீடாக அமையும் இத்தகைய அளவைத் தராமல், நடு நரம்பின் வேகத்தை மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கை அரைகுறையானது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் கடத்தல் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் காத்திருந்து வந்தவரின் கையை 32 பாகை அளவுக்கு வெதுவெதுப்பாக்காமல் சோதித்தால், இல்லாத நோய் தாளில் தோன்றிவிடும். சோதனைக்கு முன் கையின் வெப்பத்தை அளந்தார்களா என்று நோயாளி கேட்பதில் தவறொன்றும் இல்லை.

அலை எப்போது வந்தது என்பதைப் போலவே அது எவ்வளவு உயரமாக வந்தது என்பதும் பொருள் உடையது. நரம்பிழை ஒவ்வொன்றையும் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. மின்கம்பியின் மேலுறை போல இது குறிப்பைச் சிதறாமல் விரைவாகச் செலுத்துகிறது. அழுத்தத்தின் முதல் கட்டத்தில் இந்த உறை சிதைவதால் அலை தாமதமாகிறது, ஆனால் உயரம் பெரிதும் குறைவதில்லை. அழுத்தம் நீடித்து உள்ளே உள்ள இழைகளே மடியத் தொடங்கினால் அலை குட்டையாகிறது, முடிவில் மறைந்துபோகிறது. உறைச் சிதைவு அழுத்தம் நீங்கினால் பெரும்பாலும் சீராகும்; இழை மடிவதோ மெதுவாகவும் குறையாகவும்தான் சீராகும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் ஆற்றல் ஸ்கேனுக்கு இல்லை. நோயின் கடுமையைப் படிநிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல்கள் கடத்தல் சோதனையை அடிப்படையாகக் கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். இங்கிலாந்தின் கேன்டர்பரியைச் சேர்ந்த ஜெரெமி பிளாண்ட் 2000-இல் வெளியிட்ட, 0 முதல் 6 வரை ஏறும் அளவுகோல் அவற்றுள் பரவலாகப் பயன்படுவது.

இவ்வளவு நுட்பமான சோதனையும் நோயைத் தவறவிடுகிறது. அது பதிவுசெய்வது தடித்த, வேகமான இழைகளின் ஓட்டத்தைத்தான். எரிச்சலையும் வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் மெல்லிய இழைகள் அதன் கணக்கில் வருவதில்லை. தொடக்கத்தில் நரம்பின் இரத்த ஓட்டம் இரவில் மட்டும் தடைப்பட்டுப் பகலில் மீளும் நிலையில், பகல் பதினொரு மணிக்கு நடக்கும் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். அமெரிக்காவின் நரம்புத்தசை, மின்னியல் நோயறி மருத்துவச் சங்கம் 2002-இல் தொகுத்த மதிப்பீட்டின்படி, நோய் உள்ளவர்களைத் தவறாமல் கண்டுகொள்ளும் திறன் இச்சோதனையின் பல்வேறு முறைகளில் 56 முதல் 85 விழுக்காடு வரை இருக்கிறது. நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாக விலக்கும் திறன் 94 முதல் 99 விழுக்காடு வரை இருக்கிறது. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டுவிட்டு, இரவெல்லாம் கையை உதறிக்கொண்டு விழித்திருப்பவர் தன் துன்பம் கற்பனையோ என்று வீடு திரும்புவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை முதல் எண்களே காட்டுகின்றன.

அல்ட்ராசவுண்ட் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலியைக் கைக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குவது அதன் முறை. வயிற்று ஸ்கேனுக்கு உரிய ஆய்வுக்கருவி இதற்கு உதவாது. தோலுக்கு அரை அங்குலம்கூட ஆழமில்லாத நரம்பைப் பார்க்க 12 மெகாஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அதிர்வெண் உடைய தட்டையான ஆய்வுக்கருவி வேண்டும். பசையைத் தடவி அதை மணிக்கட்டின் குறுக்கே வைத்தால், நரம்பு தேனடையைப் போல, கருந்துளிகளும் அவற்றைச் சுற்றிய வெண்கோடுகளுமாகத் தெரிகிறது. அதன் அடியில் தசைநாண்கள் வெண்மையாகப் பளிச்சிடுகின்றன; ஆய்வுக்கருவியைச் சற்றே சாய்த்தால் நாண்களின் வெண்மை சட்டென்று இருண்டுபோக, நரம்பு அவ்வளவு மாறாமல் நிற்கிறது. நரம்பு எது, நாண் எது என்று பிரித்தறியும் கை வித்தை இதுதான். விரல்களை மடக்கி நீட்டச் சொன்னால் நாண்கள் வழுக்கி ஓடுவதும், நடு நரம்பு அவற்றுக்கு இடங்கொடுத்து நகர்வதும் அதே நேரத்தில் திரையில் தெரிகின்றன. அழுத்தப்பட்ட நரம்போ அவ்வளவு எளிதாக நகர்வதில்லை.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரைச் சேர்ந்த புக்பெர்கரும் அவருடைய குழுவினரும் 1991-இல் இந்நோயில் மூன்று அடையாளங்களை விவரித்தார்கள்: சுரங்கத்தின் நுழைவாயிலில் நரம்பு புடைத்திருப்பது, உள்ளே போகப்போகத் தட்டையாவது, மேலே மூடிய பட்டை உள்ளங்கைப் பக்கமாகக் குவிந்து எழுவது. இவற்றில் இன்று மிகுந்த மதிப்புப் பெற்றிருப்பது முதல் அடையாளம். பட்டாணி எலும்பு என்று சொல்லத்தக்க, சுண்டுவிரல் பக்கத்தில் தொட்டால் தட்டுப்படும் சிறு எலும்பின் மட்டத்தில், நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அளக்கப்படுகிறது. அது 9 அல்லது 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் நோய் இருக்கலாம் என்று பல கூடங்கள் கொள்கின்றன. சில கூடங்கள் எல்லையை 12 வரை உயர்த்துகின்றன. 10 சதுர மில்லிமீட்டர் என்பது பாசிப்பயறு ஒன்றின் குறுக்களவுதான். 10-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வட்டத்தின் விட்டமாகக் கணக்கிட்டால், அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நரம்பைச் சுற்றியுள்ள வெண்ணிற வரம்பின் உட்புறமாகக் கோடு வரைவதா, வெளிப்புறமாக வரைவதா என்பதிலேயே நலமும் நோயும் இடம் மாறிவிடக்கூடும். உட்புறமாக வரைவதே முறை. இதைப் பழகாத கையிலிருந்து வரும் எண்ணை நம்பி அறுவை மேசைக்குப் போவது சரியன்று.

ஒரே ஓர் எண்ணை நம்புவதில் உள்ள இந்த இடரை உணர்ந்துதான், கடத்தல் சோதனைக்கு மோதிரவிரல் உதவியதைப் போல, ஸ்கேனிலும் நோயாளியின் கையையே ஒப்பீடாகக் கொள்ளும் வழிகள் தோன்றின. ஹாப்சன்-வெப்பும் உடன் ஆய்ந்தோரும் 2008-இல், மணிக்கட்டில் நரம்பின் பரப்பை, 12 செ.மீ. மேலே முன்கையில் உள்ள பரப்பால் வகுத்து, விடை 1.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று கொள்ளலாம் என்றார்கள். பருத்த உடலுக்கும் மெலிந்த உடலுக்கும் நரம்பின் பருமன் வேறுபடும் என்பதால் இந்த ஒப்பீடு அறிவுக்குப் பொருந்துகிறது.

ஸ்கேனின் தனிப்பெருமை வேறொன்றில் இருக்கிறது. நரம்பு ஏன் நசுங்குகிறது என்பதை அது சில நேரங்களில் கண்முன் காட்டிவிடுகிறது: நாண்களின் உறை வீங்கியிருப்பது, நீர்க்கட்டி போன்ற கேங்லியான், கொழுப்புக்கட்டி, சுரங்கத்துக்குள் வழக்கத்துக்கு மாறாக நுழைந்திருக்கும் தசை. சிலருக்கு நடு நரம்பு இரண்டாகப் பிளந்து ஓடும். சிலருக்குக் கருவில் இருந்து மறைந்திருக்க வேண்டிய ஒரு தமனி நரம்பை ஒட்டியே நிலைத்திருக்கும். கத்தியை வைப்பவர் இவற்றை முன்கூட்டி அறிந்திருப்பது நல்லது. கடத்தல் சோதனை இவை எல்லாவற்றுக்கும் ‘தாமதம்’ என்ற ஒரே விடையைத்தான் தரும். ஸ்கேனில் வலி இல்லை, மின்தூண்டல் இல்லை. கரண்ட் என்றாலே நடுங்குபவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

இனி, எது மிகத் துல்லியமானது என்ற போட்டிக்கு வரலாம். 2011-இல் ஃபவுலரும் உடன் ஆய்ந்தோரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, அல்ட்ராசவுண்ட் நோயுள்ளோரைக் கண்டுகொள்ளும் திறன் 77.6 விழுக்காடு, நோயற்றோரை விலக்கும் திறன் 86.8 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்கேன் பின்தங்கியிருப்பதாகத் தோன்றும். ஆனால் அத்தகைய ஆய்வுகள் பலவற்றில் நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது யார் என்று பார்த்தால், அங்கே நீதிபதியின் இருக்கையில் கடத்தல் சோதனையே அமர்ந்திருக்கிறது. கடத்தல் சோதனை தவறவிட்ட நோயாளியின் நரம்பு புடைத்திருப்பதை ஸ்கேன் சரியாகக் கண்டாலும், அது ஸ்கேனின் பிழையாகவே எழுதப்படும். போட்டியாளரில் ஒருவரே நடுவராகவும் இருக்கும் பந்தயத்தில் மற்றவர் ஒருபோதும் முந்த முடியாது.

இதே ஃபவுலரின் குழு 2014-இல் 85 நோயாளிகளைக் கொண்டு வேறு விதமாகச் சோதித்தது. இம்முறை தீர்ப்புச் சொன்னது சிடிஎஸ்-6 என்ற மதிப்பெண் பட்டியல். நடு நரம்புக்குரிய விரல்களில் மதமதப்பு இருந்தால் 3.5, இரவில் வந்தால் 4, கட்டைவிரல் மேடு வற்றியோ வலுவிழந்தோ இருந்தால் 5, மணிக்கட்டை மடக்கி வைத்தால் மதமதப்பு வரும் ஃபேலன் சோதனைக்கு 5, இரு முனைகளைத் தனித்தனியே உணர முடியாவிட்டால் 4.5, நரம்பின்மீது தட்டினால் விரலுக்குள் மின்னல் ஓடும் டினெல் குறிக்கு 4 என்று மொத்தம் 26 மதிப்பெண். 12-ஐத் தாண்டினால் நோய் இருக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, கண்டுகொள்ளும் திறன் இரு சோதனைகளுக்கும் 89 விழுக்காடாகவும், விலக்கும் திறன் அல்ட்ராசவுண்டுக்கு 90, கடத்தல் சோதனைக்கு 80 விழுக்காடாகவும் வந்தது. நடுவர் மாறியதும் முடிவு மாறிவிட்டது. ஆயினும் அந்தப் பட்டியலும் தேர்ந்த மருத்துவர்களின் கருத்திலிருந்து கட்டப்பட்டதுதான்.

இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதை 1999-இல் வெளிவந்த தெற்கு சுவீடன் ஆய்வைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை. இசாம் அட்ரோஷியும் உடன் ஆய்ந்தோரும் நடத்திய அந்த ஆய்வை இந்நோயைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு முறையாவது நின்று படிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, ஊரில் வாழும் பொதுமக்களுக்கு வினாத்தாள் அனுப்பினார்கள். விடை தந்த 2,466 பேரில் 354 பேர், அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் மேல், நடு நரம்பின் பகுதியில் வலியோ மதமதப்போ உண்டு என்றார்கள். மருத்துவர்கள் கையைச் சோதித்து, ஐயமின்றி இந்நோய்தான் என்று சொன்னது 94 பேருக்கு. கடத்தல் சோதனை பழுது காட்டியது 120 பேருக்கு. இரண்டு பட்டியலிலும் இடம்பெற்றவர்களோ 66 பேர் மட்டுமே. மருத்துவர் உறுதியாகச் சொன்னவர்களில் 28 பேரின் நரம்பு கருவிக்குக் குற்றமற்றதாகத் தெரிந்தது; கருவி பழுது சொன்னவர்களில் 54 பேரை மருத்துவர் உறுதியாகச் சேர்க்கவில்லை. இதைவிடச் சிந்திக்க வைப்பது, எந்தத் தொல்லையும் இல்லாத 125 பேரை ஒப்பீட்டுக்காகச் சோதித்தபோது, அவர்களில் 23 பேருக்கு நடு நரம்பில் தாமதம் காணப்பட்டதுதான். தொல்லை இல்லாத கையில் தாமதம் இருப்பதும், தாமதம் இல்லாத கையில் தொல்லை இருப்பதும் அரிய விதிவிலக்குகள் அல்ல. கையைப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் பார்த்து ஒருவருக்கு நோய் என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் இதனால்தான் இடர் நிறைந்தவை.

அமைப்புகளின் நிலைப்பாடும் இதற்கேற்ப நகர்ந்து வந்திருக்கிறது. கடத்தல் சோதனையைத் தன் தொழிலாகக் கொண்ட, முன்னே சொன்ன அமெரிக்கச் சங்கமே 2012-இல், மணிக்கட்டில் நரம்பின் பரப்பை ஸ்கேனில் அளப்பது நோயறிய ஏற்ற துல்லியமான சோதனை என்று உயர்ந்த தரச் சான்றோடு ஏற்றுக்கொண்டது. 2024-இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம், சிடிஎஸ்-6 பட்டியலைக் கொண்டே நோயை முடிவு செய்யலாம், எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேனோ கடத்தல் சோதனையோ தேவையில்லை என்று வழிகாட்டியது. கொள்கையளவில் இது சரியான திசை. ஆனால் அந்தப் பட்டியலை நிரப்ப, கையைத் தொட்டுப் பார்க்கவும், மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்துக் காத்திருக்கவும், விரல் நுனியில் இரு முனைகளை மாறிமாறி வைத்துக் கேட்கவும் நேரம் வேண்டும். வரிசை வாசல்வரை நீளும் புறநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடங்கள் கிடைக்காமல், சோதனைச் சீட்டு எழுதுவதே கையைப் பார்ப்பதற்கு ஈடாகிவிடுகிறது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் எந்தக் கைக்கு எது? இரவில் விழிப்பு, கையுதறல், முதல் மூன்று விரல்களில் மதமதப்பு என்று எல்லாம் ஒத்துவந்து, கட்டைவிரல் மேடு வற்றாமல், வேறு நோய்க்கு இடம் இல்லாமல் இருப்பவருக்கு, உறுதி தேவைப்பட்டால் ஸ்கேனை முதலில் செய்வதே முறையாகத் தோன்றுகிறது. வலியில்லை, சில நிமிடங்களில் முடிகிறது, கட்டி ஏதும் இருந்தால் தெரிந்துவிடுகிறது. அந்த ஊரில் நரம்பு ஸ்கேனில் பழகிய கை இருக்க வேண்டும் என்பது இதற்கு முன்நிபந்தனை. பழகிய கை இல்லாத இடத்தில், நன்கு நடத்தப்படும் கடத்தல் சோதனையே மேல்.

கழுத்தில் சிக்கல் இருக்கலாம் என்ற ஐயம் வந்துவிட்டால் ஸ்கேனால் பயன் குறைவு. கழுத்தெலும்புகளின் இடையே ஆறாவது, ஏழாவது நரம்பு வேர்கள் நசுங்கினாலும் கட்டைவிரலும் நடுவிரலும் மரத்துப்போகும். உணர்வு நரம்பிழைகளின் உயிரணுக்கள் முதுகெலும்பை ஒட்டிய முடிச்சுகளில் இருக்கின்றன. கழுத்தில் அழுத்தம் பெரும்பாலும் அந்த முடிச்சுக்கு உட்புறமாக நிகழ்வதால், முடிச்சிலிருந்து விரல்வரை வரும் இழை உயிரோடு இருக்கிறது. அதனால் விரல் மரத்திருக்கும்போதும் அதில் எழும் உணர்வலை கடத்தல் சோதனையில் குறைவின்றி வருகிறது. மரத்துப்போன விரலில் நலமான அலை என்ற இந்த முரண்பாடே நோய் மணிக்கட்டில் இல்லாமல் மேலே இருக்கலாம் என்று சுட்டுகிறது. பிறகு தசைகளில் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்செயலைக் கேட்கும் சோதனையால், எந்த வேர் என்றுகூடச் சொல்ல முடிகிறது.

சர்க்கரை நோய் மிகுந்த தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் அடிக்கடி எதிர்ப்படும். நீண்டநாள் சர்க்கரை உடலின் நரம்புகள் பலவற்றையும் மந்தமாக்குவதால், நடு நரம்பின் தாமதம் மட்டும் எதையும் நிறுவாது; நரம்பு ஓரளவு பருத்தும் போகலாம் என்பதால் ஸ்கேனின் 10 சதுர மில்லிமீட்டர் எல்லையும் தடுமாறும். இங்கேதான் மோதிரவிரல் ஒப்பீடும், மணிக்கட்டு–முன்கை விகிதமும் தம் மதிப்பைக் காட்டுகின்றன. இரு சோதனைகளையும் ஒருவருக்கே செய்வது செலவை ஏற்றும் என்று தயங்கத் தோன்றினாலும், பாதம் எரிந்து, விரலும் மரத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அந்தச் செலவு நியாயமானது. கை மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு, வெட்டி விடுவிக்கக்கூடிய நரம்பை ஆண்டுக்கணக்கில் நசுங்க விட்டுவிடக் கூடாது.

கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கி, சட்டைப் பொத்தானை மாட்டவே விரல் தடுமாறும் நிலையில் வருபவருக்குக் கடத்தல் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. எவ்வளவு இழைகள் மடிந்தன, எவ்வளவு மீளக்கூடும் என்பதற்கு அதுவே ஓரளவு வழிகாட்டி. பட்டையை வெட்டிய பின்னும் மதமதப்பு நீங்காவிட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லவும் அது உதவும். அறுவைக்குப் பிறகு தொல்லை நீடிப்பவர்களிடம் ஸ்கேன் பட்டையின் ஒரு பகுதி வெட்டப்படாமல் எஞ்சியிருப்பதையும், நரம்பைத் தழும்பு பிடித்திழுப்பதையும் காட்ட வல்லது. ஆனால் நலமடைந்தவர்களிடமும் நரம்பின் புடைப்பு மாதக்கணக்கில் முழுதாக வடியாமல் இருக்கலாம் என்பதால், அங்கே பரப்பை மட்டும் வைத்து ‘நோய் திரும்பிவிட்டது’ என்று சொல்ல முடியாது. கடத்தல் வேகமும் பலருக்கு முற்றிலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அப்போது மருத்துவருக்குத் தேவைப்படுவது அறுவைக்கு முன் எடுத்த அறிக்கை: அலை வந்துசேரும் நேரம் 6 மில்லி விநாடியாக இருந்தது 4.8-க்கு இறங்கியிருந்தால் நரம்பு மீண்டுகொண்டிருக்கிறது. 7-க்கு ஏறியிருந்தால் கையை மறுபடி திறக்க வேண்டியிருக்கலாம். அந்தப் பழைய தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நோயாளியிடம் மட்டுமே இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியும்.